நரிக்கு வைத்த கசெற்

இது நடந்தது. 1977ஆம் ஆண்டு ஜூலை 16, சனிக்கிழமை. மாலை ஐந்து நாற்பதுக்கும் ஏழு மணிக்கும் இடையில். மெல்பேர்னுக்குத் தென்கிழக்கே, லாங் லாங்கைத் தாண்டி ஓர் ஆட்டுப் பண்ணை. நேரங்களை அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதினேன். நான் மின்பொறியியல் படித்தவன். அளந்து பார்க்காததை எழுதிப் பழக்கமில்லை. வாசிக்கிறவர்கள் நம்பலாம், விடலாம். என்னோடு இன்னொருவன் இருந்தான். அவனும் கேட்டான்.

முதலில் அந்த ரேப் ரெக்கோடரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது என் மனைவி சந்திரவதனாவுடையது. அந்த நாளில் யாழ்ப்பாணத்துக்கு ரெலிபோன் எடுப்பதென்றால் முன்கூட்டியே பதிய வேண்டும். கிடைப்பது மூன்று நிமிஷம். அதனால் அவள் கசெற்றில் பேசி அனுப்புவாள். நோபல் பார்க் வீட்டுக் குசினி மேசையில் ரெக்கோடரை வைத்து, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அரை மணித்தியாலம் தாய்க்குக் கதை சொல்லுவாள். கசெற் கப்பலில் போகும். கோண்டாவிலில் மாமி, அவளுடைய தாய், அதைக் கேட்டுவிட்டு, அதன் மேலேயே தன் பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவா. இரண்டே இரண்டு கசெற். அவைதான் மாறி மாறிப் போய்வந்தன. மாமியின் குரல் வந்தபோதெல்லாம் சந்திராவின் குரல் அழிந்தது. நாங்கள் யாரும் அதை யோசிக்கவில்லை.

பேசத் தொடங்கும்போது ரெக்கோடரிலுள்ள மைக்கை நகத்தால் இரண்டு தரம் தட்டுவாள். டொக்... டொக். பிறகு, "அம்மா, கேக்குதா?"

தாய் உடனே பதில் சொல்லப்போகிற மாதிரி ஒரு கணம் பொறுப்பாள். நான் பகிடி பண்ணுவேன்.

ஏப்ரல் 22, வெள்ளிக்கிழமை, எனக்கு வேலைக்குப் பிந்திவிட்டது. கதவடியில் நின்று "போறன்" என்றேன். குசினிக்குள்ளிருந்து அவள் கத்தினாள்: "போறன் எண்டு சொல்லாதேங்கோ. போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ."

நான் சொல்லவில்லை. காரை எடுத்துவிட்டேன்.

மாலை வந்தபோது குசினித் தரையில் கிடந்தாள். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். மார்ச் நடுவிலிருந்தே தலையிடி என்று சொல்லிக்கொண்டிருந்தவள். வயது இருபத்தேழு.

நான் அழவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். மூன்றாம் வாரம் ஒன்றைக் கவனித்தேன். அவள் சொன்ன சொற்கள் எனக்கு நினைவு வந்தன. குரல் வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. வீடெல்லாம் தேடினேன். இருந்த ஒரு கசெற்றில் இரண்டு பக்கமும் மாமிதான். மற்றது அவள் மார்ச்சில் கப்பலில் போட்டது. அது இன்னும் போய்ச் சேரவில்லை. மாமிக்கு எழுதினேன்: "அது வந்தால் அதன் மேல் தயவுசெய்து ஒன்றும் பதிய வேண்டாம். அப்படியே திருப்பி அனுப்புங்கள்."

அந்தக் கசெற்றைத் தவிர எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. தபாலுக்குக் காத்திருந்தேன்.

மேர்வ் என்னோடு டண்டினோங் தொழிற்சாலையில் வேலை செய்தவன். நரி சுடுவதில் பைத்தியம். ஜூலையில் ஆடுகள் குட்டி போடும், நரிகள் வரும். அவனுடைய அண்ணனின் பண்ணையில் ஒரு கிழமைக்குள் பதினொரு குட்டிகள் போய்விட்டன. அமெரிக்காவில் நரி வேட்டைக்கு மெஷின் வைக்கிறார்களாம். அடிபட்ட முயல் கத்துவதைப் பதிந்து போட்டால் நரி தேடி வருமாம். தபாலில் ஒரு சின்ன இசைத்தட்டு எடுப்பித்திருந்தான். அதைக் காட்டுக்குக் கொண்டுபோக வழி தெரியாமல் என்னிடம் வந்தான்.

"நீதானே கரண்ட் படித்தவன்," என்றான். "செய்து தா. நீயும் வா. வீட்டிலிருந்து சுவரைப் பார்த்து என்ன செய்யப்போகிறாய்?"

ஸ்பிரிங்வேலில் ஒரு புதுக் கசெற் வாங்கினேன். மேலிருந்த தாளை நானே கிழித்தேன். சந்திராவின் ரெக்கோடரில் முயலைப் பதிந்தேன். முதல் மூன்று நிமிஷம் வெறுமை. மெஷினை வைத்துவிட்டு நாங்கள் திரும்பி வந்து உட்கார அவ்வளவு வேண்டும். பிறகு ஒரு நிமிஷம் கத்தல், மூன்று நிமிஷம் வெறுமை. அப்படியே முப்பது நிமிஷமும். பதிந்து முடிந்ததும் கசெற்றின் பின்பக்கத்திலிருந்த சின்னத் துண்டை உடைத்துவிட்டேன். அதை உடைத்தால் பதிவதற்கான சிவப்பு விசை கீழே போகாது. பிறகு யாராலும் அதன் மேல் பதிய முடியாது. எங்கள் வீட்டில் அந்தத் துண்டு உடைக்கப்பட்ட ஒரே கசெற் அதுதான்.

முயல் கத்துவதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. கைக்குழந்தை வீரிடுவது போல இருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் பக்கத்துத் தெரு ரஞ்சினி அக்கா புட்டு கொண்டு வந்தா.

"எங்க, காலில சப்பாத்தெல்லாம் போட்டு வெளிக்கிட்டு நிக்கிறாய்?"

"நரி சுட."

"சுட்டு? கறி வைக்கப் போறியோ?"

நான் சிரிக்கவில்லை. அவ மேசையிலிருந்த ரெக்கோடரைப் பார்த்தா.

"அது சந்திரான்ர எல்லோ?"

"ஓம்."

"அதையும் கொண்டு போறியோ? இண்டைக்கு அமாவாசை, தம்பி."

"அதுக்குத்தான் இண்டைக்குப் போறம். நிலவெண்டால் நரி எங்களைக் கண்டிடும்."

அக்கா புட்டை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டா.

5.40க்குப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தோம். மூன்று பாகை குளிர். காற்று கடல் பக்கமிருந்து வந்தது. மேர்வ் காருக்குள்ளேயே பாடம் நடத்தினான்.

"காற்று நம் முகத்தில் அடிக்க வேண்டும். இல்லையென்றால் உன் கறி வாசத்துக்கு நரி டாஸ்மேனியாவுக்கே ஓடிவிடும். இருமாதே. மூக்கைச் சொறியாதே. லைற் என்னிடம், துவக்கு உன்னிடம். கடைசியாக ஒன்று. கண்ணை மட்டும் பார்த்துச் சுடாதே. ஆட்டுக்கும் கண் மின்னும், நாய்க்கும் மின்னும். உடம்பைப் பார். பிறகு சுடு."

"சரி."

"திருப்பிச் சொல்லு, மேட்."

"கண்ணை மட்டும் பார்த்துச் சுடக்கூடாது."

6.15க்கு நன்றாக இருட்டிவிட்டது. எங்களிலிருந்து அறுபது அடி தூரத்தில் ஒரு முள்வேலி. அதன் நடுக் கட்டையடியில் ரெக்கோடரையும் ஸ்பீக்கரையும் வைத்தேன். 6.28க்கு விசையை அமுக்கினேன். திரும்பி வந்து ஒரு விழுந்த மரத்தின் பின்னால் உட்கார்ந்தோம்.

6.31. முதல் கத்தல்.

மேர்வ் லைற்றை மெதுவாகச் சுழற்றினான். அதன் முகத்தில் சிவப்புத் தாள் கட்டியிருந்தது. புல், வேலி, புல். ஒன்றுமில்லை.

6.35. இரண்டாவது. தூரத்தில் ஆடுகள் கத்தின.

6.39. மூன்றாவது. இந்தமுறை ஆடுகள் கத்தவில்லை. தவளைச் சத்தமும் நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

6.43. நான்காவது கத்தல். மேர்வ் என் முழங்காலைத் தொட்டான்.

"கண். வேலிக்கு அப்பால்."

ஒரு சோடி. தரைக்கு ஓரடி உயரம். சிவப்பு வெளிச்சத்தில் இரண்டு தணல் போல. நேராக மெஷினை நோக்கி வந்தது. ஓடவில்லை. நரி ஓடி வரும், நின்று பார்க்கும், சுற்றும் என்று மேர்வ் சொல்லியிருந்தான். இது நடந்து வந்தது. ஒரே வேகத்தில்.

6.44. கத்தல் நின்றது. இனி மூன்று நிமிஷம் வெறுமை.

கண்கள் கட்டையடிக்கு வந்து நின்றன.

துவக்கைத் தோளில் வைத்தேன். உடம்பைத் தேடினேன். தெரியவில்லை. கண்கள் மட்டும்தான்.

அப்போது ஸ்பீக்கரில்...

டொக்... டொக்.

மேர்வ் என்னைப் பார்த்தான். "என்ன அது?"

"அம்மா, கேக்குதா?"

தெளிவாக. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல.

"உன் பாஷையா?" மேர்வ் கிசுகிசுத்தான். "பேச்சும் பதிந்தாயா?"

"இல்லை."

"பிறகு?"

"அதில் பேச்சு இல்லை, மேர்வ்."

கண்கள் உயர்ந்தன.

மெதுவாக. இரண்டடி. மூன்றடி. வேலியின் மேல் கம்பி நாலடி. அதையும் தாண்டி உயர்ந்தன. பிறகு நின்றன.

சந்திராவின் உயரம் ஐந்தடி ஓரங்குலம்.

"அது நரி இல்லை," மேர்வின் குரல் உடைந்தது. "சுடாதே. கேட்கிறதா? சுடாதே."

நான் எழுந்துவிட்டேன். எழுந்தது எனக்கே தெரியாது.

"சந்திரா!"

என் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. வயல் முழுக்க எதிரொலித்தது.

பிறகு ஒரு சத்தம். கதிரை தரையில் இழுபடும் சத்தம். அந்தப் புல்வெளியில்.

கண்கள் எங்கள் பக்கம் திரும்பின.

வரத் தொடங்கின...

வேலி அசையவில்லை. கம்பி கிறீச்சிடவில்லை. ஆனால் கண்கள் வேலிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டன.

நாற்பதடி.

முப்பது...

வெடித்தது.

துவக்கின் விசையை அழுத்தினேனா, கை வழுக்கியதா, தெரியாது. துவக்கு என் கையில்தான் இருந்தது. 6.46.

கண்கள் இல்லை.

மேர்வ் சிவப்புத் தாளைக் கிழித்து எறிந்துவிட்டு வெள்ளை வெளிச்சத்தோடு ஓடினான். இரத்தம் இல்லை. தடம் இல்லை. புல்லில் பனி படியத் தொடங்கியிருந்தது. எங்கள் காலடி தவிர எதுவும் அதில் பதிந்திருக்கவில்லை.

6.47க்கு ஐந்தாவது கத்தல் வரவேண்டும். வரவில்லை.

மெஷினடிக்குப் போனேன். கசெற் சுற்றிக்கொண்டிருந்தது. ஓடும் விசை கீழே. அதன் பக்கத்தில் சிவப்பு விசையும் கீழே.

அது கீழே போகாது. துண்டை உடைத்தவன் நான்.

7.00 மணிக்குப் புறப்பட்டோம். வழியில் மேர்வ் ஒரே ஒரு தடவை பேசினான்.

"யார் அது?"

"என் மனைவி."

வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டான். பிறகு அவன் மெஷினைப் பற்றிக் கேட்கவேயில்லை. இசைத்தட்டை உடைத்துக் குப்பையில் போட்டதாகப் பின்னர் ஒருவன் சொன்னான்.

அன்றிரவே கசெற்றைப் போட்டுக் கேட்டேன். நான்கு கத்தல். அதன் பிறகு, சிவப்பு விசை விழுந்த இடத்திலிருந்து, வெறும் இரைச்சல். மைக் அந்த ரெக்கோடருக்கு உள்ளேயே இருக்கிறது. என் குரல் பதிந்திருக்க வேண்டும். வெடி பதிந்திருக்க வேண்டும். இரண்டும் அதில் இல்லை. பல தரம் கேட்டேன். எங்கே போயின என்று தெரியவில்லை.

செப்டெம்பர் 5, திங்கட்கிழமை, மாமியின் கடிதம் வந்தது. அதிலுள்ளதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்புள்ள தம்பிக்கு, பிள்ளையின் கசெற் போன மாதம் கிடைத்தது. நீங்கள் எழுதினபடி அதன் மேல் ஒன்றும் பதியவில்லை. தெரிந்த ஒருவர் வாற மாதம் அங்கு வருகிறார், அவரிடம் கொடுத்து விடுகிறேன். மார்ச் பன்னிரண்டு, சனிக்கிழமை என்று அவளே திகதி சொல்லுகிறாள். நீங்கள் ஓவர்டைம் வேலைக்குப் போய்விட்டீர்களாம், தான் தனிய இருக்கிறாளாம். நல்லாய்த்தான் கதைக்கிறாள். நடுவில் ஒரு குழந்தை வீரிட்டு அழுகிறது. நிற்கிறது, பிறகும் அழுகிறது. நாலு தரம். உங்கள் அயலில் கைக்குழந்தை இருக்கிறதா? நாலாம் தரம் அழுது ஓய, அவள் மைக்கைத் தட்டி, அம்மா, கேக்குதா என்று என்னிடம் கேட்கிறாள். அதோடு நீங்கள் அவளைக் கூப்பிடுகிறீர்கள். எங்கேயோ தூரத்தில் நின்று. ஏன் தம்பி அப்படிக் கத்தினீர்கள்? எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. இவர் கூப்பிடுறார் அம்மா, போட்டு வாறன் என்று சொல்லிக் கதிரையை இழுத்துக்கொண்டு எழும்புகிறாள். கதவு திறக்கிறது. உடனே ஒரு வெடிச் சத்தம். அதற்குப் பிறகு பிள்ளையின் பேச்சு இல்லை. மிச்சம் முழுக்கக் காற்று. கடைசி வரைக்கும் போட்டுப் பார்த்தோம்."

கடிதத்தை மடித்து வைத்தேன்.

மார்ச் 12 மாலை ஆறு மணி வரை நான் தொழிற்சாலையில் இருந்தேன். யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் கடிதத்தை வாசித்த பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. அன்று நான் வீட்டுக்கு வந்தபோது அவள் வாசலில் நின்றாள். ஒரு கையால் நெற்றியைப் பொத்திக்கொண்டு.

"என்னைக் கூப்பிட்டனீங்களோ? வந்து பாத்தன், உங்களைக் காணேல்லை."

"இல்லையே," என்றேன்.

"அப்ப துவங்கினது. தலை இடிக்குது."

அந்தக் குரல் எனக்கு இப்போது நன்றாக நினைவிருக்கிறது.