கோபப் பாய்

அன்று முன்பள்ளியில் இருந்தவர்கள்: ரீச்சர். அவருக்கு உதவியாக இருந்த அக்கா. பிள்ளைகள் நாங்கள். எங்கள் அப்பா. பெரியப்பா. பெரியப்பாவின் மகன். மற்றப் பிள்ளைகளின் அப்பாமார். அம்மாமார் யன்னலுக்கு வெளியே நின்றார்கள். இந்தமுறை பெற்றோர் கூட்டத்துக்கு அப்பாமார்தான் வர வேண்டும் என்பது ரீச்சரின் கட்டளை.

அப்பாமார் எங்களுடைய சின்னக் கதிரைகளில் இருந்தார்கள். முழங்கால் நாடியில் முட்டியது. அப்பா கதவுப் பக்கம். பெரியப்பா அலுமாரிப் பக்கம். கூடப் பிறந்த இருவரும் கோபம். எங்கள் ஊரான சண்டிலிப்பாயில் கோபம் என்றால் முகத்தில் தெரிய வேண்டியதில்லை. கதை பேச்சு இல்லை, அவ்வளவுதான். வருடக்கணக்கில் இருக்கும்.

காரணம் வேலி. அது ஒரு சாண் நகர்ந்துவிட்டது. நகர்த்தியது யார் என்பதில்தான் சண்டை. வேலியில் நாங்கள் புகுந்து போகிற பொட்டு ஒன்று இருந்தது. அப்பா அதற்கு எங்கள் பக்கத்தால் தகரம் அடித்தார். அது காணாதென்று பெரியப்பா தன் பக்கத்தாலும் அடித்தார். ஊஞ்சல் அவர்கள் பக்கம் போய்விட்டது. எனக்கு நாலு வயது. வேலி எங்கே நின்றாலும் சரி. ஊஞ்சல் வேண்டும்.

பெரியப்பாவின் மகன் என்னைவிட மூன்று மாதம் மூத்தவன். அண்ணா என்று கூப்பிடச் சொல்லுவான். நான் கூப்பிடவில்லை. அவனிடம் ஊஞ்சல் இருந்தது. ஆட்டிவிட ஆள் இல்லை.

முன்பள்ளியில் கோபத்துக்கென்று ஒரு பாய் இருந்தது. கோபம் போட்ட இருவரும் அதில் இருக்க வேண்டும். ஒரு வாழைப்பழம் கிடைக்கும். ஒருவர் உரித்துப் பிரிப்பார். மற்றவர் முதலில் எடுப்பார். இருவரும் "நேசம்" என்று சொன்னபிறகுதான் எழும்பலாம். நானும் அவனும் அதில் நிறையப் பழம் தின்றிருக்கிறோம். சிலவேளை பழத்துக்காகவே கோபம் போட்டோம்.

கூட்டத்தில் ரீச்சர் எங்களைக் கேட்டார்.

"கோவம் வந்தா நாங்கள் என்ன செய்வம், பிள்ளையள்?"

"பாயிலை இருப்பம்!"

அப்பாமார் கை தட்டினார்கள். நான் கையை உயர்த்தினேன்.

"ரீச்சர், எங்கடை அப்பாவும் உவன்ரை அப்பாவும் கோவம்."

கைதட்டல் நின்றது. பெரியப்பாவின் மகன் எழும்பினான். போய்ப் பாயை இழுத்து வந்து நடுவில் விரித்தான்.

"பிள்ளை பகிடி விடுது, ரீச்சர்," என்றார் அப்பா.

"பகிடி இல்லை. தகரம் அடிச்சிருக்கு," என்றேன்.

யன்னலில் அம்மாவைக் காணவில்லை. குனிந்துவிட்டார்.

"இஞ்சை எல்லாருக்கும் ஒரே சட்டம்," என்றார் ரீச்சர். "பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்கினம்."

"இருங்கோ அண்ணை, பழம் நல்ல பழம்," என்றார் பின்னாலிருந்த ஓர் அப்பா.

இருந்தார்கள். முதுகுக்கு முதுகு. அப்பா பழத்தை உரித்துப் பிரித்தார்.

"எடுக்கச் சொல்லுங்கோ, ரீச்சர்."

"அங்கை வைக்கச் சொல்லுங்கோ, ரீச்சர்," என்றார் பெரியப்பா.

"எனக்கு ரெண்டு காதும் கேக்காது," என்றார் ரீச்சர்.

பெரியப்பா திரும்பாமல் கையைப் பின்னால் விட்டார். தடவிப் பார்த்து ஒரு துண்டை எடுத்தார். அது சின்னது.

"ஐயோ அப்பா, மற்றது பெரிசு!" என்று மகன் கத்தினான்.

"பெரிசு அவனுக்கு. சின்னனிலையும் அப்பிடித்தான்," என்று பெரியப்பா கூரையைப் பார்த்துச் சொன்னார்.

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. ஒரு வாய்ப் பழத்தை வெகுநேரம் மென்றார்.

"நேசம் சொல்லேல்லை," என்றேன்.

"நேசம், ரீச்சர்," என்றார் பெரியப்பா.

"நீங்கள் என்னோடை கோவமில்லையே," என்றார் ரீச்சர்.

அப்பா எழும்பிக் காற்சட்டையைத் தட்டினார். "அதுதான் சொல்லிப்போட்டாரே."

ரீச்சர் பாயைச் சுருட்டினார். எங்களையென்றால் விட்டிருக்க மாட்டார். அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வரும் வழியில் மோட்டார் சைக்கிளில் அப்பா கேட்டார். "ஆரடி உன்னை வாய் திறக்கச் சொன்னது?"

"ரீச்சர்."



அடுத்த நாள் காலை அப்பா தகரம் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்தார். என்னைத் தகரத்தோடு நிமிர்ந்து நிற்கச் சொன்னார். அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடினேன். தலைக்கு மேலே கரியால் ஒரு கோடு போட்டார். வெட்டத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமும் வெட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு பக்கமும் ஒரு சொல் இல்லை. ஓட்டைகள் மட்டும் நேராக வந்தன.

புகுந்து போனேன். தலை முட்டவில்லை. ஊஞ்சல் ஆடினோம். அப்பாவையும் வரச் சொன்னேன். "எனக்கு உதுக்குள்ளாலை வரேலாது," என்றார். பெரியப்பாவைக் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். இன்னும் கொஞ்சம் உயர வெட்டியிருக்கலாம். இருவருக்கும் அளவு எடுக்கத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்களுடைய கோபம் பிறகும் நெடுநாள் இருந்தது.

இப்போது நான் தையல் வேலை செய்கிறேன். அளவு நாடா எப்போதும் கழுத்தில் கிடக்கும். தகரம் கறள் பிடித்து இன்னும் நிற்கிறது. போன கிழமை அந்தப் பொட்டின் உயரத்தை அளந்தேன்.

முப்பத்தொன்பது அங்குலம்.