தண்ணீர் குடிக்காமல் மீன் விற்ற காலம்

அணைக்கட்டுப் பக்கம் ஓர் ஏரியில் என் வீட்டுக்காரர் வலை போடுகிறார். அவர் பிடிக்கிற ஜிலேபி மீனையும் கெண்டையையும் ஆம்பூர்த் தெருக்களில் கூவி விற்பது என் வேலை.

மீன் போட்ட அலுமினிய அன்னக்கூடையோடு பஸ் ஏறுவது அப்போது பெரும்பாடு. காலையில் எப்படியோ ஏறிவிடலாம். மீன் புதுசு, வாடை தெரியாது. திரும்பும்போதுதான் வினை. காலிக் கூடையை எத்தனை முறை கழுவினாலும், "யம்மா, நாறுது, அடுத்த வண்டில வா" என்று கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். அடுத்த வண்டிக்காரரும் அதையே சொல்வார். பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை என்று ஆன பிறகும் இது மாறவில்லை. அதட்டுகிற குரல் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான்.

எப்போது வீடு சேருவோம் என்று தெரியாது. நடுவில் ஒதுங்க இடமும் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் கழிப்பறை இருந்தாலும் மீன் கூடையை உள்ளே தூக்கிப் போக முடியாது, வெளியே வைத்தால் நாய் விடாது. அதனால் தண்ணீரையே நிறுத்திவிட்டேன். விடியலில் ஒரு டீ. அதன் பிறகு எத்தனை வெயில் அடித்தாலும் வாயை நனைக்க மாட்டேன்.

ஒரு கோடையில் சிறுநீர் போகும்போது எரிச்சல் கண்டது. பிறகு குளிர்க் காய்ச்சல். ஒருநாள் சிவப்பாகவே போனது. எங்கள் தெருவில் ஒருவர் கிட்னி கெட்டு, ரத்தம் சுத்தம் செய்ய வேலூருக்குப் போய் வந்துகொண்டிருந்தார். எனக்கும் அதுதான் என்று நானே முடிவு கட்டினேன். வீட்டில் மூச்சுவிடவில்லை. வழக்கம்போல் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆம்பூரில் ஒரு பாய் வீட்டம்மா எனக்குப் பல வருஷ வாடிக்கை. அன்று அவர் வீட்டு வாசலில் கூடையை இறக்கியவள், எழ முடியாமல் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். அவர் வந்து கையைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னாம்மா, உடம்பு இப்டி கொதிக்குது?"

"வெயில்மா."

"வெயில்ல யாராவது நடுங்குவாங்களா? உள்ள வா மொதல்ல."

சொம்பில் தண்ணீர் நீட்டினார். வேண்டாம் என்றேன். ஏன் என்று விடாமல் கேட்டார். வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னபோது நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இவ்ளோ வருஷமா என் வாசல்ல உக்காந்து மீன் அறுக்குறே. பாத்ரூம் எங்கன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

மருமகளைக் கூப்பிட்டு உருதுவில் ஏதோ சொன்னார். என் மீன் முழுவதும் அவர்கள் ஃப்ரிட்ஜுக்குள் போனது. அவர் புர்காவை மாட்டிக்கொண்டு என்னோடு ஆட்டோவில் ஏறினார். என் சேலை அவர்மேல் படக் கூடாதே என்று நான் ஓரத்தில் ஒடுங்கினேன். "நவுராதே, வுழுந்துடப் போறே" என்று தோளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், ஸ்கேனும் பார்த்தார்கள். முடிவு வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து, பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுவரை யோசித்துவிட்டேன். டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண்.

"கிட்னி நல்லா இருக்குங்க. யூரின்ல இன்ஃபெக்‌ஷன்தான். மாத்திரைய பாதியில நிறுத்தாதீங்க. தண்ணி நிறைய குடிக்கணும், அடக்கி வெக்கக் கூடாது."

"ரத்தம் மாத்த வேணாங்களா?"

"அதெல்லாம் எதுக்குங்க?" என்று சிரித்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கூட வந்த அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அல்லா காப்பாத்திட்டான். இந்தா, மொதல்ல குடி" என்று பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார். ஒரே மூச்சில் குடித்தேன்.

காய்ச்சல் சில நாளில் விட்டது. அந்த அம்மா தெருவில் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்ததால், இன்னும் சில வீடுகளும் எனக்குப் பின்கட்டுக் கழிப்பறையைத் திறந்துவிட்டன.

வீட்டுக்காரரிடமும் நடந்ததைச் சொன்னேன். மறுநாள் தன் பழைய டிவிஎஸ் வண்டியை ஏரிக்கரைக்குத் தள்ளிவந்து, "ஏறு, நான் புடிச்சிக்கிறேன்" என்றார். ஒருமுறை வண்டியோடு சேற்றில் போய் இறங்கினேன். மற்றபடி சீக்கிரமே கை பழகிவிட்டது.

இப்போது மீன் தீர்ந்த கையோடு வண்டியை எடுக்கிறேன். உச்சி வெயிலுக்குமுன் வீட்டில் குளித்துச் சாப்பிட்டு, காலை நீட்டிப் படுத்துவிடுகிறேன். என் ஓரகத்தியும் மீன் விற்கிறவர்தான்; பஸ்ஸை நம்பாமல் பக்கத்து ஊர்களுக்குக் கூடையோடு நடந்தே போவார். போன வாரம் முதல் கரையில் அவர் வண்டி ஓட்டப் பழகுகிறார். நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன்.