நூலகம் பூட்டியிருந்த மதியம்

கோடைதான் மரக்காணம் உப்பளத்தில் எங்களுக்கு வேலைக்காலம். பள்ளி விடுமுறையில் என் ஆறு வயது மகளைக் காலையில் நூலகத்துக் கோடை முகாமில் விடுவேன். கதை, படம் வரைதல் எல்லாம் முடிந்து மதியம் கூட்டிவருவேன்.

அன்று திடீரென வானம் கறுத்தது. மழை விழுந்தால் வாரிய உப்பெல்லாம் கரைந்துவிடும். குவித்து, கீற்று போட்டு மூடும்வரை யாரும் நகரமாட்டார்கள். நானும் நகரவில்லை. முடித்தபோது முகாம் விட்டு வெகுநேரமாகியிருந்தது. நனைந்த செல்போனும் செத்துவிட்டது.

கொட்டும் மழையில் ஓடினேன். நூலகம் பூட்டியிருந்தது. வீட்டிலும் அவள் இல்லை. டீக்கடைக்காரர், "சின்னப் பொண்ணு ஒண்ணு உப்பளப் பக்கம் போன மாதிரி இருந்துச்சும்மா, மழையில சரியா தெரியல" என்றார்.

அங்கே குழிகளெல்லாம் நிரம்பியிருக்குமே! அவள் பெயரைக் கத்திக்கொண்டே திரும்ப ஓடினேன்.

வரப்பில், முகாம் நடத்தும் நூலக மேடம் வந்துகொண்டிருந்தார். இடுப்பில் என் மகள். சேறு மேடத்தின் செருப்பைப் பிடுங்கியிருந்தது; வெறுங்காலில் ரத்தம்.

"பாப்பாவுக்கு வீடு சொல்லத் தெரியலங்க. அம்மா உப்பளத்துல இருக்கும்னா. அதான் பாத்தி பாத்தியா தேடிட்டு வர்றோம். அழாம இருக்க கதை சொல்லிட்டே வந்தேன்."

மகள் என்னை அதட்டினாள்: "நீ எங்கம்மா தொலஞ்சு போன? எவ்ளோ நேரமா தேடுறோம்!"

மகளைக் கைநீட்டி வாங்கக் கூசியது. அந்தக் காயம் உப்புத்தண்ணீரில் எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். முதலாளியின் உப்பை நான் மூடிக்கொண்டிருந்த நேரத்தில், என் பிள்ளைக்காக மேடம் அந்தத் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தார்.