சித்தப்பா வாக்களித்த தேர்தல்

அந்தப் பாராளுமன்றத் தேர்தலுக்கு முன்பே எங்கள் குப்பத்தில் எனக்கென்று ஒரு மதிப்பு இருந்தது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நான் எத்தகைய சாட்சி என்பதை வாசகர் முதலிலேயே அறிந்துகொள்வது நல்லது. மாநகராட்சிப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். என் கையெழுத்து அச்சடித்ததைப் போல இருக்கும். திருவொற்றியூர்க் கரையில், ஒருபுறம் கடலும் மறுபுறம் தொழிற்சாலைச் சுவர்களுமாக நெருக்கப்பட்டுக் கிடந்த எங்கள் ஊரில், தேர்தல் நாளன்று வாக்காளரின் பெயரும் வரிசை எண்ணும் குறித்த பூத் சீட்டு எழுத இரு கட்சியினரும் என்னைத்தான் கேட்பார்கள். அப்பா ஒரு கட்சியின் பூத் ஏஜெண்டாக இருந்ததால் நான் அந்தக் கட்சியின் மேசையில் உட்காருவேன்.

அப்பாவுக்கும் ஒரு பெயர் இருந்தது. அதற்கு முந்தைய தேர்தலில் அவருடைய கட்சிக்காகவே வந்த ஒரு கள்ள ஓட்டை எழுந்து நின்று தடுத்தவர் அவர். சொந்தக் கட்சிக்காரர்கள் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பா அதைப் பொருட்படுத்தவும் இல்லை.

தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு சித்தப்பாவைக் கடல் கொண்டுபோயிருந்தது. உடன் சென்றவர்கள் கரையேறினார்கள்; அவர் ஏறவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. உடல் கிடைக்காதவருக்கு வைக்கோலால் உருவம் செய்து, அவருடைய சட்டையை அதற்கு உடுத்திக் கொளுத்துவது எங்கள் ஊர் வழக்கம். அதுவரை அவர் இறந்தவர் அல்லர்; அவர் மனைவி விதவையும் அல்லள். ஊர்ப் பெரியவர்கள் கூடி, தேர்தல் முடிந்த மறு வெள்ளிக்கிழமை அதைச் செய்வதென்று நாள் குறித்திருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை சித்திக்கு என்ன பொருள் என்பதை நான் ஓரளவு அறிந்திருந்தேன். தாலி கழற்றப்படும், வளையல் உடைக்கப்படும். அதைவிடப் பெரியது ஒன்றுண்டு. தாலியறுத்தவள் படகு கரையேறும் வேளையில் எதிரே நிற்கக்கூடாது என்பது அக்காலக் கட்டுப்பாடு. கரையில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து தண்டையார்ப்பேட்டை வரை விற்றுவந்த சித்திக்கு அது பிழைப்பே போவதாகும். சித்தி யாரிடமும் எதுவும் வாதிடவில்லை. தினமும் பூ வைத்துக்கொண்டார். உப்புத் தண்ணீர் குடித்து வருகிறவருக்குத் தாகம் இருக்கும் என்று வாசற்படியில் ஒரு செம்பு நல்ல தண்ணீர் வைத்தார். மாலையில் அதைச் செடிக்கு ஊற்றிவிட்டு மறுநாள் புதிதாக வைப்பார்.

தேர்தல் நாள் வந்தது. டெல்லியில் யார் ஆளவேண்டும் என்பதுதான் கேள்வி. எங்கள் கரையில் கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டுவதாக இரு கட்சியினருமே ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தார்கள். காலையில் கூட்டம் நெருக்கியது. நண்பகலில் ஊரே வாக்குச்சாவடியான பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்துவிட்டதால் குப்பம் வெறிச்சோடிக் கிடந்தது. காற்று நின்றுபோனது. கொடிகள் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டன. அலை எழும்பும் ஓசைகூடக் கேட்கவில்லை என்று பின்னர் பலர் சொன்னார்கள். அதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது என் மேசையில் ஒரு கை வந்து ஊன்றியது. இடது கை. ஒரு குரல் வரிசை எண்ணை மட்டும் சொன்னது. தொண்டை கட்டிய குரல். நான் நிமிராமலே பட்டியலைப் புரட்டி, எண்ணை எழுதினேன், வீட்டு எண்ணை எழுதினேன், பெயரை எழுதத் தொடங்கினேன். பாதிப் பெயரில் என் பேனா நின்றது. அது சித்தப்பாவின் பெயர்.

நிமிர்ந்தபோது வெயில் கண்ணில் அடித்தது. தலையில் போட்ட துண்டு முகத்தை மறைத்திருந்தது. நான் எழுதி முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். முடித்தேன், ஏன் முடித்தேன் என்று இன்றும் சொல்ல இயலாது. சீட்டை எடுத்துக்கொண்டு அவர் நடந்தார். வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவருக்குப் பின்னால் நெருங்கி நிற்க ஒருவரும் முன்வரவில்லை.

வாக்காளரின் பெயரை அதிகாரி உரக்கப் படிப்பது முறை. ஏஜெண்டுகள் கேட்டு, ஆள் சரியில்லை என்றால் ஆட்சேபிப்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. நான் சன்னலுக்கு ஓடினேன். வெளியூர் அதிகாரி சித்தப்பாவின் பெயரை ஒருமுறை படித்தார். பிறகு ஏஜெண்டுகளைப் பார்த்தார். பெஞ்சில் நால்வர் இருந்தார்கள். நால்வரும் எங்கள் ஊர்க்காரர்கள்; இருவர் அப்பாவின் கட்சி, இருவர் எதிர்க்கட்சி. ஒரே கடையில் நின்று தேநீர் குடிக்காதவர்கள். அனைவருக்கும் சித்தப்பாவைத் தெரியும். அதிகாரி இரண்டாம் முறையும் படித்தார். அப்பா தம் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மை வைத்தார்கள். தட்டிக்குப் பின்னால் முத்திரை குத்தும் சத்தம் கேட்டது. அந்த ஆள் கடற்பக்க வாசல் வழியாக வெளியேறினார். மணலில் கால்தடம் குப்பத்தை நோக்கிப் போயிருந்தது.

அன்று பிற்பகல் சித்தியின் வாசலில் செம்பு காலியாக இருந்தது. யார் குடித்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. அந்த வெயிலில் எவருக்கும் தாகம் எடுத்திருக்கும். ஆனால் செம்பு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சித்தப்பா குடித்துவிட்டு அப்படித்தான் வைப்பார். இதை நான் விளக்க முயலப்போவதில்லை.

சித்தி என் இரு தோள்களையும் பிடித்துக்கொண்டார்.

"நைனா, நீதான சீட்டு எய்தி குடுத்தே? மூஞ்ச பாத்தியா?"

"துண்டு போட்டுகினு இருந்தாரு சித்தி. தெரில."

"கைய பாத்தியா? வெரல பாத்தியா?"

சித்தப்பாவின் இடது ஆள்காட்டி விரலில் நுனி இல்லை. தூண்டில் கயிறு இழுத்துக்கொண்டுபோனது. என் மேசையில் ஊன்றிய கையில் ஐந்து விரல்களும் முழுமையாக இருந்தன. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"துன்னியாடா? போ. போய் துன்னு மொதல்ல."

நான் அவமதிக்கப்பட்டதாக உணர்ந்தேன். உண்மை என் கையில் இருந்தது; அதைக் கேட்க என் தந்தையே விரும்பவில்லை. உள்ளே போய்த் தட்டின் முன் உட்கார்ந்து, சாப்பிடாமல் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் அம்மன் கோயில் எதிரே ஊர் கூடியது. வெள்ளிக்கிழமைக் காரியத்தைச் செய்வதா என்பதே பேச்சு.

"கடல்ல பூட்டவன் கரையேறனா வூட்டுக்கு வருவானா, ஓட்டு போட போவானா? இன்னாபா கத வுட்றீங்க!" என்றார் ஒரு வலைக்காரர்.

"அவன் எப்பவும் அப்டிதான் மாமு. கட்சின்னா அவனுக்கு சோறு தண்ணி வாணாம்" என்றார் இன்னொருவர். சிலர் சிரித்தார்கள். சிரிப்பு சட்டென்று நின்றது.

ஊர்ப் பெரியவர் தொண்டையைச் செருமினார். "சர்க்கார்காரன் ரெண்டு தபா பேரு சொல்லி கூப்ட்டுகீறான். ஓட்டு வாங்கிகினு மை வெச்சி அனுப்பிகீறான். சர்க்கார் உசிரோட கீறான்னு சொல்லச்சொல்ல நாம பொம்மய கொளுத்தனா நாளைக்கி பேஜாராயிடும்." பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். "அண்ணாத்தே, நீ உள்ள குந்திகினு இருந்தே. சொல்லு. உந்தம்பிதானா?"

நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்வாரா என்று அறிய வேண்டியிருந்தது. சித்தி கோயில் சுவரோரம் நின்றிருந்தார்; அவர் கையில் வளையல் ஒலிக்கவில்லை, அவ்வளவு அசையாமல் நின்றார்.

"நா ஆட்சேபண பண்ணல" என்றார் அப்பா.

"நீங்க?" என்று எதிர்க்கட்சியின் ஏஜெண்டுகளைக் கேட்டார் பெரியவர்.

"நாங்களும் பண்ணலபா."

"அப்பறம் இன்னா. நாள தள்ளி வெச்சிக்கலாம்" என்று பெரியவர் துண்டை உதறி எழுந்தார்.

தள்ளிவைத்த நாளை அதன்பின் ஒருவரும் குறிக்கவில்லை. சித்தி மறுநாள் விடியலில் கூடையுடன் கரைக்குப் போனார். கரையேறிய படகுகள் அவர் எதிரிலேயே மீனைக் கொட்டின.

டெல்லியில் அந்த முறை யார் வென்றார்கள் என்பதைச் சரித்திரம் சொல்லும். எங்கள் கரைக்குக் கல் வர எத்தனையோ அரசுகள் மாறவேண்டியிருந்தது. எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையச் சாம்பல் இன்றும் எங்கள் தெருக்களில் படிகிறது; வாக்குக் கேட்க வருகிறவர்கள் அதன்மீது நடந்துதான் வருகிறார்கள். நாட்டு அரசியலை நான் ஒரு படித்த குடிமகனாக இத்தனை காலம் கவனித்துவந்திருக்கிறேன். ஒரு வாக்கு ஒருவருடைய வாழ்க்கையை அன்று மாலைக்குள் மாற்றியதை அந்த ஒருமுறைதான் கண்டேன். அதுவும் செல்லக்கூடாத வாக்கு.

அதன்பின் வந்த தேர்தல்களிலும் அந்தப் பெயர் பட்டியலில் இருந்தது. நண்பகல் தாண்டுவதற்குள், வாக்களித்தாயிற்று என்பதற்கான கோடு அதன்மீது விழுந்திருக்கும். அப்பா காலமான பிறகு வந்த தேர்தலிலும் விழுந்திருந்தது. யார் அனுப்பினார்கள், யார் வந்தார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் எங்கள் ஊரில் பதில் கிடைத்திராது.

ஆறாம் வகுப்பில் எனக்கு ஒன்று புரியவில்லை. கள்ள ஓட்டைத் தடுத்த அப்பா அன்று கட்சிக்கு விலைபோய்விட்டார் என்று நினைத்துப் பல மாதங்கள் அவர் முகத்தை நேரே பார்க்காமல் இருந்தேன். அவர் பக்கத்தில் எதிர்க்கட்சிக்காரர்கள் இருவரும் வாய்திறக்காமல் உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் கண்டிருந்தும், அதைக் கணக்கில் சேர்க்கத் தெரியவில்லை.

அண்மையில் ஒரு காணொளி எங்கள் பகுதிக் கைப்பேசிகளில் சுற்றிவருகிறது. எங்கள் ஊரில் பேய் வந்து வாக்களித்தது என்கிறார்கள். வந்தவரின் இடது கையில் ஐந்து விரலும் முழுதாக இருந்தன. என் தந்தை கட்சியிடம் பணம் பெற்றார் என்கிறார்கள்; பெறவில்லை. அந்தப் பேயின் விதவை பின்னர் முதுமையில் இறந்தார் என்று முடிக்கிறார்கள். அவர் விதவை அல்லர். தாலியோடும் குங்குமத்தோடும் இறந்தார்.