ஆறு டிகிரி விளம்பரம்

ஆஸ்திரேலியாவில் லாங்ரீச் ஊர் வானொலியில் பத்தொன்பது வருடமாக விளம்பரம் எழுதுபவள் நோரீன் டக்கி. அதற்கு முன் ஆட்டு ரோமம் தரம் பிரிக்கிற வேலை. கையில் எடுத்து இழுத்துப் பார்க்காமல் எதையும் முதல் தரம் என்று சொல்லிப் பழக்கமில்லாதவள்.

அங்கே கோடை உச்சத்தில் இருக்கும் ஒரு ஜனவரியில் பெயின்ட் கடை டெஸ் ஹாலரன், புதிதாக வந்த வெள்ளைக் கூரைப் பெயின்ட் டப்பாவோடு வந்து நின்றார்.

"வீடு பத்து டிகிரி குளிரும்னு போடு, நோரீன்."

"யாரு அளந்தா?"

"டப்பாவுலயே போட்டிருக்கே!"

"டப்பா எந்த ஊர் வெயில்ல நின்னுச்சாம்?"

நிலையத்தின் பின்னால் ஒரே மாதிரி தகரக் கொட்டகைகள் மூன்று இருந்தன. ஒன்றுக்கு மட்டும் பெயின்ட் அடிக்கவைத்தாள். மறுநாள் மதியம் மூன்று மணிக்கு வெறும் தகரத்துக்குள் நாற்பத்துமூன்று, பெயின்ட் அடித்ததில் முப்பத்தேழு.

"ஆறுதானா? ஆறுக்கு எவன் வருவான்?" என்றார் டெஸ்.

"பத்துன்னா சிரிச்சிட்டுப் போயிடுவான். ஆறுன்னா நெசமான்னு பாக்க வருவான். வந்தவனை நீ பாத்துக்கோ."

"ஒரே தகரம், ஒரே வெயில், ஆறு டிகிரி வித்தியாசம். நிலையத்தின் பின்பக்கம் வந்து நீங்களே பாருங்கள்" என்று விளம்பரம் போனது. கூட்டம் வந்தது. நாலாம் நாள் ஆட்டுப் பண்ணைக்காரி ஐவி மெக்கார்டிலும் வந்து இரண்டுக்குள்ளும் தலையை நீட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணு வெள்ளை, இன்னொண்ணு துருப்பிடிச்ச தகரம். சாதா வெள்ளை அடிச்சாலும் சூடு குறையும்ல? அப்போ இவன் டப்பாவோட சாமர்த்தியம் எவ்வளவு?"

நோரீனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அட, அது எனக்குத் தோணவே இல்லயே!"

உடனே டெஸ்ஸுக்குப் போன் போட்டு சாதா வெள்ளை கேட்டாள்.

"நம்ம தலையில நாமளே மண்ணள்ளிப் போட்டுக்கிறதா?"

"ஐவி ஊரெல்லாம் சொல்றதுக்கு முன்னாடி நாம சொல்லிடுவோம்."

சாதா வெள்ளை அடித்த மூன்றாவது கொட்டகை, மறுநாள் அதே மூன்று மணிக்கு மற்ற இரண்டும் பழைய அளவிலேயே நிற்க, முப்பத்தொன்பது காட்டியது. நோரீன் புது விளம்பரத்தைத் தானே படித்தாள்: "எந்த வெள்ளையும் நாலு டிகிரி குறைக்கும். இந்தப் பெயின்ட் அதற்கு மேல் இரண்டு குறைக்கும். நாலு போதுமென்றால் சாதா வெள்ளையும் டெஸ் கடையிலேயே கிடைக்கும்."

கேட்கப் பிடிக்காமல் டெஸ் கடை ரேடியோவை அணைத்தார். வாரக் கடைசிக்குள் இரண்டு பெயின்டும் தீர்ந்து, மறு லோடுக்குச் சொல்லியனுப்ப வேண்டியதாயிற்று. ஐவி வாங்கியது விலை கூடியதைத்தான்.

"ரோமம் வெட்ட வர்றவனுங்க தங்குற கொட்டகைக்கு. அந்த ரெண்டு டிகிரிக்குத்தான் தினமும் எங்கிட்ட சண்டை போடறானுங்க."

நோரீன் தன் வீட்டுக்குச் சாதா வெள்ளையே வாங்கினாள். அவளுக்கு நாலு போதும்.