கோட்டுக்குக் கீழே பெர்னதெத்

முத்தியால்பேட்டைத் தெருமுனையில் ஆலைச் சங்கு ஊதுவதற்குள் பெர்னதெத் வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்துக் கடைவாயில் அதக்கிவிடுவாள். புதிதாகப் பார்ப்பவர்கள் பதறுவார்கள்.

"ஏம்மா, பால்பல்லு விழுந்திச்சா? அதுக்குள்ள வெத்தலையா?"

"விழுந்து பதினாறு வருஷமாச்சு. உங்களுக்கு இப்பத்தான் விழுது போல."

வயது இருபத்துமூன்று. உயரம் எட்டு வயதோடு நின்றுவிட்டது. முகமும் மரியாதைக்கு அதனுடனேயே நின்றது. வாய் மட்டும் நிற்கவில்லை.

அம்மா வில்லியனூர் மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள்; மீன் எண்ணெய் புகட்டினாள்; கடைசியில் ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போனாள். பிரெஞ்சுக்கார டாக்டர் நிற்கவைத்தும் படுக்கவைத்தும் அளந்தார். இரண்டு அளவும் ஒன்றாகவே இருந்ததில் அவருக்கு வருத்தம். உடம்பை வளர்க்கும் சுரப்பி தூங்குகிறது, அதை எழுப்பத் தன்னிடம் மருந்தில்லை என்றார். "அது தூங்கட்டும் முசே. எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்று பெர்னதெத் இறங்கி வந்துவிட்டாள். "மாதாகிட்ட வளத்தி கேட்டது எங்கம்மா. நான் கேக்கல" என்று இன்றும் சொல்வாள்.

ஆலையில் அவளுக்கு நூற்கும் இயந்திரங்களுக்கு அடியில் நுழைந்து, அறுந்த இழையைப் பிடித்து ஒட்டும் வேலை. பன்னிரண்டு வயதில் வந்து நின்றபோது, "பொடிசா இருக்கா, நல்லா நுழைவா" என்று மேஸ்திரி மகிழ்ந்து சேர்த்துக்கொண்டார். பதினோரு வருஷம் கழித்து, அந்தப் பொடி உடம்புக்காகவே அவளை வெளியே போகச் சொன்னார்கள்.

வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வந்த சட்டம், சிறு வயதினரை ஆலைக்குள் விடக்கூடாது என்றது. நல்ல சட்டம்தான்; அதற்காகக் கொடி பிடித்தவர்களில் பெர்னதெத்தும் ஒருத்தி. ஆனால் இத்தனை பேரின் வயதை விசாரித்துக்கொண்டிருக்க யாரால் முடியும்? வாசல் கணக்கு எழுதப் புதிதாக வந்த ரைட்டர் கோவிந்தராசு, தூணில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தார். தலை கோட்டைத் தொட்டால் வேலைக்கு, தொடாவிட்டால் வீட்டுக்கு. சட்டம் கேட்டது வயதை, தூண் கேட்டது உயரத்தை. வாசலில் தூணுக்குத்தான் செல்வாக்கு.

பெர்னதெத்தின் தலை ஒரு சாண் கீழே நின்றது.

"கொஞ்சம் எக்கி நில்லுடி. பொடவைக்குள்ள செங்கல்லு இருந்தா யாருக்குத் தெரியும்?" என்று கூட வேலை செய்யும் அஞ்சலாட்சி காதில் ஓதினாள்.

"எக்க மாட்டேன். கோடு போட்டது அவரு. அவரே அழிக்கட்டும்."

பிறப்புச் சீட்டைக் காட்டினாள். கோவிந்தராசு சிரித்தார். "செத்த புள்ள பேர அடுத்த புள்ளைக்கு வெச்சிடுறீங்க. இது உங்கக்கா சீட்டு, பாப்பா." அவரையும் குறை சொல்ல முடியாது. முந்தின வாரம்தான் இரண்டு சிறுமிகள் இறந்துபோன அக்காக்களின் சீட்டோடு பிடிபட்டிருந்தார்கள்.

"பாப்பாவா? இருங்க, நாளைக்கு ஒரு பாப்பாவ இட்டாரேன்."

மறுநாள் இருதயமேரி என்ற ஒன்பது வயதுச் சிறுமியோடு வந்தாள். கையில் அந்தச் சிறுமியின் ஞானஸ்நானச் சீட்டு, பங்குச் சாமியார் கோயில் பதிவேட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தது. அதில், குழந்தையை ஏந்தி நிற்கும் ஞானத்தாய் என்ற இடத்தில் பெர்னதெத்தின் பெயர் இருந்தது; அது இவளேதான் என்று சாமியார் ஓரத்தில் எழுதியிருந்தார். பதின்மூன்று வயது நிரம்பாத எவளையும் ஞானத்தாயாகக் கோயில் ஏற்காது.

"இவளுக்கு ஒம்போது. இவள ஏந்தினப்ப எனக்குப் பதினாலு. கூட்டிப் பாருங்க ரைட்டரய்யா."

கோவிந்தராசு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இருதயமேரி இரண்டு விரற்கடை கூடுதல் உயரம். "இதுல எது ஞானத்தாயி, எது புள்ள?"

"அதட்டிப் பாருங்க. எது அழுவுதோ அது புள்ள."

வாசலில் நின்ற கூட்டம் சிரித்தது. கோவிந்தராசு விரல் விட்டுக் கூட்டினார். நம்பாமல் மறுபடியும் கூட்டினார். பிறகு வேலையாட்களின் பேரேட்டைத் திறந்து, அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அது நின்றுகொண்டு எழுதும் மேசை. விளிம்பு அவள் மூக்குக்கு நேரே இருந்தது. அவர் மரியாதையாகவே ஒரு முக்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

பெர்னதெத் எட்டிப் பேரேட்டின் மூலையைப் பிடித்து இழுத்துத் தரையில் இறக்கினாள். குந்தி உட்கார்ந்து, தன் பெயரையும் அப்பா பெயரையும் ஓர் எழுத்து விடாமல் எழுதினாள். எழுந்து, பேனாவைத் தன் உயரத்துக்கே நீட்டினாள். வாங்கிக்கொள்ள ரைட்டர் குனிய வேண்டியதாயிற்று.