கங்கைப் பேச்சில் ஒரு கடைமடைக்காரி

எழுபதுகளின் நடுவில் டெல்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் ஸ்டெனோவாக இருந்தேன். கங்கை நீரைப் பங்கிடுவது பற்றிப் பேச வங்கதேசத்திலிருந்து ஒரு குழு வந்தது. கூட்டக் குறிப்பை டைப் அடிக்க என்னை அனுப்பினார்கள். அவர்கள் தரப்பிலும் ஒரு பெண் ஸ்டெனோ. பருத்திப் புடவை, தடித்த கண்ணாடி, என் வயதுதான் இருக்கும். இருவருக்கும் பக்கத்து அறையில் ஒரே மேஜை.

காலையிலேயே பேச்சு ஒரு வார்த்தையில் சிக்கிக்கொண்டது. மேலே எங்கள் பக்க அணையில் திருப்பிவிடுவதால் கோடையில் நீர் குறைந்து தங்களுக்கு உண்டாகும் 'பாதிப்பு' என்று எழுத வேண்டும் என்றார்கள் அவர்கள். எங்கள் அதிகாரிகள் அதைப் 'பாதிப்பு என்று சொல்லப்படுவது' என்று திருத்தினார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் கார்பன் வைத்து முழுப் பக்கத்தையும் மறுபடி அடித்தோம்.

மத்தியானம் காகிதம் வருவது நின்று, டீ வந்தது. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். வெயில் காலத்தில் அவள் ஊர் ஆற்றில் கடல் நீர் ஏறிவிடுமாம்.

"சோற்றுக்கு உப்பே போட வேண்டாம்" என்று சிரித்தாள். "உங்கள் ஊரில் ஆறு உண்டா?"

"காவிரி. எங்கள் நிலம் கடைமடை. மேலே இருப்பவர்கள் விட்டு, மற்றவர்கள் பாய்ச்சி, மிச்சம்தான் எங்களுக்கு."

"விடுகிறார்களா?"

"அப்பாவிடம் அதைக் கேட்டால் அன்றைக்குச் சரியாகச் சாப்பிட மாட்டார்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அப்படியானால் நீங்கள் எங்கள் பக்கம் அல்லவா உட்கார வேண்டும்?"

அதற்குள் ப்யூன் அடுத்த காகிதத்தோடு வந்துவிட்டார். மறுபடியும் 'சொல்லப்படுவது'. அடித்தேன். என் வேலை அது. ஆனால் அப்பா வயல் வரப்பில் நின்று புலம்பியதையும் எங்கோ ஓர் அறையில் யாரோ இப்படித்தான் அடித்திருப்பார்கள் என்று தோன்றியது. ஓர் எழுத்து பிழையாக விழுந்தது. அவளே ரப்பரை எடுத்து நீட்டினாள்.

சாயங்காலம் அந்த வாக்கியத்தையே எடுத்துவிட்டார்கள். மீண்டும் கூடிப் பேசுவது என்பது மட்டும் முடிவாயிற்று.

கரோல் பாக் வீட்டில், இன்னோர் அலுவலகத்தில் குமாஸ்தாவான என் கணவர் கேட்டார். "யார் பக்கம் நியாயம்?"

"கீழே இருக்கறவா பக்கம்தான்."

அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். "இதை ஆபீஸ்ல போய்ச் சொல்லி வைக்காதே."

பின்னால் சில வருஷங்களுக்கென்று ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டதைப் பேப்பரில் படித்தேன். அதை அடிக்க என்னைக் கூப்பிடவில்லை. அவளைக் கூப்பிட்டார்களா, தெரியாது.